அம்மாவுக்கு நீங்கள் அனுப்பிய டிவிடிகள் குறித்து

கள்ளிக்குப்பம்,
சனிக்கிழமை.

அன்புள்ள பிராங்க் அண்ணாவுக்கு,

தங்கை ஹெலினா வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். புனேயில் நீங்களும் அண்ணியும் ஸ்டெஃபியும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் உங்களுக்காகத் தனியாகச் சொல்கிறோம். போன் இருக்கும்போது தபாலில் எழுதுகிறாளே என்று நீங்கள் நினைக்கலாம். இந்த வீட்டில் போன் இப்போது பாதுகாப்பான இடம் இல்லை, அண்ணா. மேலே படித்தால் விளங்கும்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக டிவிடி பிளேயரின் வயரைக் கழற்றி, அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியில் புதைத்து வைத்தேன். பல்கூடத் துலக்கவில்லை. எம்.காம். படித்து, தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கே சம்பளம் போடுகிற நாற்பத்தாறு வயதுப் பெண் செய்கிற காரியமா இது என்று அங்கேயே நின்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அம்மா உலைக்கு அரிசி எடுக்க வந்து, டிரம்மைத் திறந்து, சற்று நேரம் உற்றுப் பார்த்து, நேராக அந்த இடத்திலேயே கையை விட்டு வயரை உருவினாள். "அவசரத்துல பண்ணது. அரிசிய மேல சமமா தடவி வுடணும்னுகூட தோணல பாவம்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. அரிசியிடம் சொன்னாள்.

நீங்கள் அன்போடுதான் அனுப்பினீர்கள், தெரியும். சின்ன வயதில் நாம் வெள்ளிக்கிழமை இரவுகளில் பாயில் வரிசையாக உட்கார்ந்து பார்த்த 'மூன்றாம் மாடி' தொடர் முழுவதும் டிவிடியில் கிடைக்கிறது என்றதும் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் துப்பறிவாளர் கனகசபை, மூச்சிரைக்க ஏறி வருகிறவர் நிரபராதி, இரண்டாம் மாடியில் நின்று முகத்தைச் சரிசெய்துகொண்டு வருகிறவர் குற்றவாளி என்று கண்டுபிடிப்பாரே, அவரை மறுபடி பார்க்கக் கிடைப்பது லேசான விஷயமா? ஆனால் அவர் இப்போது டிவிக்குள் இல்லை. நம் வீட்டு ஹாலில், பழைய நைட்டி போட்டுக்கொண்டு, ஆரோக்கியம்மாள் என்ற பெயரில் இருக்கிறார். அவர் விசாரிக்கும் ஒரே சந்தேக நபர் நான். குற்றம், மறுபடி கல்யாணம் செய்துகொண்டு பெற்ற தாயைத் தனியே விட்டுப் போகத் திட்டமிடுவது.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். தவக்காலம் வந்தால் அம்மா டிவிக்கு ஊதாச் சேலை போர்த்திவிடுவாளே, உங்களுக்கு நினைவிருக்கும். கோயிலில் புனிதர்களின் சுரூபங்களை மூடுகிற மாதிரி, சாம்பல் புதனுக்கு மூடினால் ஈஸ்டருக்குத்தான் திறப்பாள். அதனால் தவக்காலத்துக்கு முன்னால் தொடரில் நடந்த கொலைக்கெல்லாம் நமக்கு முடிவு தெரியாது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து நடந்து வரும்போது அப்பாதான் கொலைகாரன் யார் என்று அறிவிப்பார். அப்பாவுக்கு ஒரே விதி. வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு வருகிறவன்தான் கொலைகாரன். இத்தனை வருடமாக நாம் அதை நம்பி வந்தோம். இப்போது டிவிடியில் பார்த்தால், ஆப்பிளோடு வந்த கம்பவுண்டர் பாவம் ஒன்றுமே செய்யவில்லை, கொன்றது சொந்த அக்கா. நான் அதை அம்மாவிடம் சொன்னதுதான் தப்பு. "உங்கப்பா சொன்னா சொன்னதுதான். செத்த மனுஷனால திரும்பி வந்து கேக்க முடியாதுன்னு இவனுங்க சிடில மாத்தி ஏத்திட்டானுங்க" என்றாள். அப்பா போட்டோ முன்னால் நின்று, "நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க" என்றும் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து பிளேயரின் தட்டு வெளியே வராமல் மாட்டிக்கொண்டது. எங்கள் கம்பெனி மெஷின்களுக்கு இரும்பு புஷ் கடைந்து தரும் லேத் பட்டறைக்காரர் செல்வகுமார், மனைவியை இழந்தவர், நல்ல மனிதர், ஸ்க்ரூ டிரைவரோடு வந்து சரி செய்து கொடுத்தார். வெறுங்கையோடு வரக்கூடாது என்று அரை டஜன் மாதுளை வாங்கி வந்தார். அவர் பையை மேசையில் வைத்தபோது அம்மா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவருக்குக் காபி கொடுத்தாள், உட்காரச் சொன்னாள், ஊர், குடும்பம் எல்லாம் விசாரித்தாள். அவர் போன பிறகு அப்பா போட்டோவைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அதோடு எனக்கு நிம்மதி போயிற்று.

பக்கத்து வீட்டு நாகவல்லி மதியமானால் வந்துவிடுகிறாள். கனகசபைக்கு ஓர் உதவியாளர் உண்டல்லவா, அந்த வேலை இப்போது அவளுக்கு. வாசலிலேயே, "இன்னா ஆன்ட்டி, இன்னிக்கு யாரு அவுட்டு?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவாள். போன வாரம் நான் ஆபீசிலிருந்து வந்தபோது இருவரும் தரையில் உட்கார்ந்து என் செருப்பைக் குப்புறப் போட்டு, ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் வேளாங்கண்ணி மாதா காந்தத்தை அதன் அடியில் தடவிக்கொண்டிருந்தார்கள். காந்தத்தில் பொடிப்பொடியாக இரும்புத் துருவல் ஒட்டியிருந்தது.

"எஸ்டேட்ல வேல செய்றேம்மா. அங்க தெருவுல நடந்தா இரும்புதான் ஒட்டும்" என்றேன்.

"நீ ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்க. கம்ப்யூட்டர்லேர்ந்தா கொட்டுது?"

"அதானே!" என்றாள் நாகவல்லி. "எங்க ஊட்டுக்காரரும்தான் எஸ்டேட்டுக்கு போய்கினு கீறாரு. அவரு செருப்புல சாணிதான் கீது. இது சுருள் சுருளா கீது பாருக்கா, பட்டற உள்ள போய் நின்னாதான் இப்டி ஒட்டும்."

"நீ எந்தப் பக்கம் நாகவல்லி?" என்று கேட்டேன்.

"நான் நியாயத்து பக்கம்க்கா. ஆன்ட்டி டீ குடுக்குது."

வியாழக்கிழமைகளில் நான் தாமதமாக வருவதையும், அன்றைக்கு மட்டும் பருத்திச் சேலை கட்டுவதையும், வந்தபின் பசியில்லை என்று சொல்வதையும் அம்மா ஏற்கெனவே குறித்து வைத்திருந்தாள், மனதில்தான். வியாழன் அன்று கணக்கு சரிபார்ப்பு இருக்கிறது என்றேன். மறுநாளே என் போனை எடுத்து, ஆபீஸ் மேனேஜர் மேடத்துக்கு அடித்து, "கணக்கெல்லாம் நல்லா போகுதாம்மா?" என்று பொதுவாக விசாரித்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் தெருக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் இந்த முறை நம் வீட்டில். கனகசபை ஒவ்வொரு கதை முடிவிலும் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டுத்தான் குற்றவாளியைச் சொல்வார் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று கூட்டம் தொடங்கும் முன்பே டீ கொடுக்கப்பட்டபோது நான் உஷாராகியிருக்க வேண்டும். வாசகம் முடிந்தது, பாட்டு முடிந்தது, மன்றாட்டுக்கு நேரம் வந்தது. ஆளுக்கு ஒரு விண்ணப்பம் சொல்லி முடிந்ததும் அம்மா எழுந்து நின்றாள்.

"வியாழக்கிழமை தோறும் தாமதமாக வீடு திரும்பும் பிள்ளைகளுக்காக, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

எல்லோரும் பழக்கத்தில், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள்.

"காலணிகளில் இரும்புத் துருவல் ஒட்டிவரும் பிள்ளைகளுக்காக, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"கேட்டருளும்" என்றார்கள். சிலர் குனிந்து தங்கள் காலைப் பார்த்தார்கள். சுண்டலுக்காக வந்திருந்த நாகவல்லியின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது.

"மாதுளம்பழம் கொண்டுவந்து குடும்பங்களின் அமைதியைக் கலைக்கும் மனிதர்கள் மனந்திரும்ப வேண்டுமென்று..."

அதற்கும் கேட்டருளும் என்றுதான் சொன்னார்கள், அண்ணா. மன்றாட்டு என்றால் வேறு என்ன சொல்ல முடியும்? நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். கோபத்தில் காது சுட்டது. கூட்டம் முடிந்ததும் அம்மாவை என்ன கேட்பது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது அம்மா இன்னொன்று சொன்னாள். இந்த முறை ஜெபத் தமிழில் இல்லை.

"ஆண்டவரே, நைட்டுல தண்ணி கேட்டா யாரும் இல்லாத வூட்ல என்ன வெச்சிராத."

பிறகு நாகவல்லி மட்டும், மெதுவாக, "கேட்டருளும்" என்றாள்.

அன்றிலிருந்து எனக்குக் கோபப்படத் தெம்பில்லை. இவான் இறந்து விதவையானபின் ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் நான். அம்மாவுக்குத் துணையாக இருக்கிறேன் என்றுதான் ஊரும் நானும் சொல்லிக்கொண்டோம். எனக்குத் துணையாக அவள் இருந்தாள் என்பதை யாரும் சொல்லவில்லை. ஆகவே அண்ணா, இத்தனையும் வெறும் கற்பனை என்று நீங்கள் அம்மாவுக்கு ஒரு வார்த்தை எழுத வேண்டும். மகன் எழுதினால் நம்புவாள். செல்வகுமார் கம்பெனிக்குச் சரக்கு தருகிறவர், வியாழன் அன்று எனக்கு ஆபீஸ் வேலை, அவ்வளவுதான் என்று எழுதுங்கள். டிவிடிகளைத் திரும்ப அனுப்பிவிடுகிறேன். முடிந்தால் அம்மாவை இரண்டு மாதம் அங்கே அழைத்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், செருப்பை வெளியே விட வேண்டாம் என்று.

அண்ணிக்கு என் அன்பு. ஸ்டெஃபிக்குப் பரீட்சை நல்லபடியாக முடிய அத்தையின் ஆசீர். ஆண்டவர் உங்கள் வீட்டு வாசற்படியையும் உள்ளே இருப்பவர்களையும் காக்கட்டும்.

என்றும் உங்கள் பாசமுள்ள தங்கை,
ஹெலினா

பி.கு.: மேலே எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். அம்மாவுக்கு நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். அவள் கண்டுபிடித்தது சரி.

ஆபீஸ் வேலை எதுவும் இல்லை. வியாழன் சாயங்காலம் பட்டறையில் மெஷினை நிறுத்திவிட்டு செல்வகுமார் எனக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போடுவார். பேசிக்கொண்டிருப்போம், பாதி நேரம் பேசாமல் இருப்போம். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று போன மாதம் அவர் கேட்டார். நான் பதில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். வேற்று மதம், இந்த வயது, தெரு என்ன சொல்லும் என்பதெல்லாம் காரணமில்லை. அம்மாதான் காரணம்.

அம்மா ஒரே இடத்தில்தான் தவறினாள். வீட்டை விட்டுப் போகப்போவது நான் என்று நினைத்துவிட்டாள். நான் எங்கும் போவதாக இல்லை. முத்தாபுதுப்பேட்டையில் அவர் இருப்பது வாடகை வீடு. அதைக் காலி செய்துவிட்டு அவர் இங்கே வரட்டும். அம்மா இருக்கும் வரை அம்மாவோடுதான் குடித்தனம் என்று முதலில் சொல்வேன். அதற்கு அவர் சம்மதித்தால், அவர் கேட்டதற்கு நானும் சம்மதம் சொல்வேன். இதை நான் முடிவு செய்தது அவருக்கே இன்னும் தெரியாது.