வயர்மேன் பரீட்சையும் ஒரு ஷட்டவுனும்

மவுஸைத் தொடுவதற்கு முன்னால் பரணி சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து அதன் முதுகில் வைத்துப் பார்த்தான். டெஸ்டர் எரியவில்லை. அதற்கப்புறம்தான் விரலை வைத்தான்.

"இன்னா மச்சான், மவுஸு ஷாக் அடிக்குமா?" என்றான் பக்கத்தில் நின்ற வினோத்குமார். பொத்தேரியில் அந்த பிரௌசிங் சென்டர் அவனுடையது. பரணியோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

"தெரியாத வயரை டெஸ்ட் பண்ணாம தொடக்கூடாது. பரீட்சையில வரும், ரெண்டு மார்க்கு."

"பதிலெல்லாம் தெரியுது உனக்கு. அதை எங்க அமுக்கறதுன்னுதான் தெரியல."

சிக்கலே அதுதான். தாம்பரம், முடிச்சூர், சேலையூர் என்று புதிதாக எழும்பிய வீடுகளில் பாதிக்குப் பரணிதான் வயரிங். ஆனால் வயர்மேன் என்று சட்டப்படி சொல்லிக்கொள்ள ஒரு சர்டிபிகேட் வேண்டும், அதற்கு ஒரு பரீட்சை உண்டு. மூன்று தடவை எழுதியாகிவிட்டது. மூன்று தடவையும் நன்றாகத்தான் எழுதினான். ரிசல்ட் கேட்கப் போனால் மட்டும் "உன் பேரு இல்லப்பா" என்றுவிடுவார்கள். ஏன் என்று அவனுக்கும் விளங்கவில்லை, நமக்கும் விளங்கவில்லை. போதாக்குறைக்கு இந்த வருஷத்திலிருந்து பேப்பரே கிடையாதாம். எல்லாம் கம்ப்யூட்டராம்.

வெறும் சர்டிபிகேட் என்றால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பான். வெண்ணிலா இருந்தாளே!

வெண்ணிலா சேலையூர் சாம்பசிவன் சாரின் ஒரே பெண். முதல் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் அவர்கள் வீட்டு மாடிக்கு வயரிங் செய்யப் போன பரணி, நாலு நாள் வேலையை ஒரு மாதம் இழுத்தான். அவள் காபி கொண்டுவரும் படிக்கட்டில் மட்டும் மூன்று லைட் போட்டான். சாம்பசிவன் ரிட்டயர்டு ஹெட்கிளார்க், முத்திரை குத்தாத எதையும் நம்பாத மனுஷர். விஷயம் தெரிந்ததும் அவர் குதிக்கவில்லை, கத்தவில்லை.

"சர்டிபிகேட்டோட வந்தா மாப்பிள்ளை. சர்டிபிகேட் இல்லாம வந்தா எலக்ட்ரீஷியன். ஃபேன் ரிப்பேரானா சொல்லி அனுப்பறேன்" என்றார்.

இந்தத் தடவையும் கோட்டை விட்டால் அவ்வளவுதான். பள்ளிக்கரணையில் சத்யநாராயணன் என்று ஒரு பேங்க் மாப்பிள்ளை தலை வாரிக்கொண்டு காத்திருந்தான்.

தலைக்கு மேல் கத்தி தொங்கும்போது ஒருத்தன் எப்படிப் படிக்க வேண்டும்? நம் ஆள் எப்படிப் படித்தான் தெரியுமா? வினோத்குமார் அந்தப் பக்கம் நகர்ந்ததும் கம்ப்யூட்டர் கண்ணயர்ந்து, திரை முழுக்க நீலத் தண்ணீர் நிரம்பியது. அதில் ஒரு மஞ்சள் மீன் மெதுவாக வாலை ஆட்டிக்கொண்டு போனது. பரணியும் அதன் பின்னாலேயே போனான். தண்ணீருக்கு அடியில் ஒரு சின்ன வீடு தெரிந்தது. வயர் ஒன்றுகூட வெளியே தெரியாத, சுத்தமான கன்சீல்டு வேலை. ஹாலில் வெண்ணிலா ஈரத் தலையை விரித்துப் போட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். "இன்னும் கொஞ்சம் வேகமா வை" என்றாள். பரணி ரெகுலேட்டரைத் திருகினான்.

"அண்ணா! இவர் ஒரு மணி நேரமா மவுஸைப் பிடிச்சுத் திருகிக்கிட்டே இருக்கார். நான் மெயில் பார்க்கணும்" என்று ஒரு காலேஜ் பெண் கத்திய பிறகுதான் பரணி கரையேறினான்.

மறுநாள் இன்னும் மோசம். மவுஸ் ஓடாமல் மக்கர் செய்தது. எதையும் கழற்றுவதற்கு முன்னால் மெயினை அணைக்க வேண்டும் என்பது பரணியின் ரத்தத்தில் ஊறிய பழக்கம். எழுந்து போனான், அணைத்தான். கடை முழுக்க ஒரே நேரத்தில் "ஐயோ!" என்ற சத்தம். பாதி பிராஜெக்ட், முக்கால் காதல் கடிதம் எல்லாம் காற்றோடு போயின.

"டேய், நீ எனக்குப் பிரண்டா விரோதியா?" வினோத்குமார் கையெடுத்துக் கும்பிட்டான். "இனிமே இந்தப் பக்கம் வந்தா டீ குடிச்சிட்டு வெளியவே நின்னு போயிடு."

வேறு வழியில்லாமல் வெண்ணிலாவிடமே போனான். குரோம்பேட்டையில் அவள் வேலை பார்த்த கூரியர் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. முதலாளி இல்லாத மத்தியானமாகப் பார்த்து அவனை உட்கார வைத்தாள்.

"நல்லா கவனி பரணி. இந்த அம்புக்குறியை சரியான பதிலுக்குப் பக்கத்துல இருக்கற வட்டத்துக்குக் கொண்டு போகணும். ஒரு தடவை அமுக்கணும். அவ்வளவுதான். எங்கே, என்ன புரிஞ்சுதுன்னு சொல்லு."

"உன் கட்டை விரலுக்குக் கீழ ஒரு மச்சம் கீது."

"கடவுளே!" வெண்ணிலாவின் கண் நிறைந்துவிட்டது. "அப்பா பள்ளிக்கரணைக்கு என் ஜாதகத்தைக் கொடுத்தாச்சு. இது உனக்கு விளையாட்டா இருக்கா? நான் அழறேன், நீ என்னத்தைப் பார்த்துச் சிரிக்கறே?"

"அழும்போதும் நல்லாதான் இருக்கே" என்றான் பரணி. அவன் மனதார உண்மையைத்தான் சொன்னான். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். தனியாக உட்கார்ந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. இவள் இல்லாமல் நாம் என்ன செய்வோம் என்று முதல் தடவையாக நிஜமாகவே பயந்தான்.

பயம் வந்தால் மூளை வேலை செய்யும். பரணிக்குச் செய்தது. அதுதான் வினையே.

அன்று சாயங்காலமே கேம்ப் ரோடு டீக்கடையில் லைன்மேன் ஐசக்கைப் பிடித்தான்.

"அண்ணே, கம்ப்யூட்டருக்கு சோறு இன்னா? கரண்டு. கரண்டு இல்லேன்னா?"

"பட்டினி" என்றார் ஐசக்.

"கம்ப்யூட்டர் பட்டினி கெடந்தா பரீட்சையைப் பேப்பர்லதானே வைப்பாங்க? பேப்பர்னா நான் பிச்சு உதறிடுவேண்ணே. எப்பவும் நல்லாதான் எழுதறேன், இந்த வாட்டி கண்டிப்பா பாஸ்."

ஐசக் டீயை ஆற்றியபடி யோசித்தார். "உன் பரீட்சை ஹால் இருக்கற சேலையூர் லைன்ல மரக்கிளை வெட்ட எப்படியும் ஷட்டவுன் எடுக்கணும். என்னிக்குன்னு நீயே சொல்லு. கல்யாணத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிட மறந்துடாதே."

பரணி மிதந்துகொண்டே வீட்டுக்குப் போனான். அந்த மிதப்பு அடுத்த வாரம் வரைதான் தாங்கியது. ஷட்டவுன் அறிவிப்பைப் பார்த்த பரீட்சைக்காரர்கள் ஜெனரேட்டருக்குச் சொல்லிவிட்டார்கள். அந்த ஜெனரேட்டர் வேலையை எடுத்த கான்ட்ராக்டர் சுப்பராயலு யாருக்குப் போன் செய்தார் என்று நினைக்கிறீர்கள்?

"பரணி, ஹாலுக்கு லைன் இழுத்துக் குடுத்துடு. உன்னை விட்டா நம்பறதுக்கு எனக்கு ஆள் இல்ல."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளக் கூப்பிடுகிறார்கள்! மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, போனான். ஒரே ஒரு ஸ்க்ரூவை லூசாக விட்டால் போதும். நினைத்தும் பார்த்தான். ஆனால் அந்தக் கைக்கு லூஸ் கனெக்‌ஷன் கொடுத்துப் பழக்கமில்லை. அழுதுகொண்டே எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கினான். ஜன்னல் வழியாக வேப்பங்காற்று வந்தது. அழுகை அடங்கி, கண் சொருகி, தண்ணீருக்கு அடியிலிருந்த அந்த வீடு மறுபடியும் வந்துவிட்டது. வெண்ணிலா ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். இன்னும் வேகமா என்றாள். கை தன்பாட்டுக்கு வயர் வயராக எடுத்து முறுக்கிக்கொண்டே போனது.

பரீட்சை நாள் வந்தது. ஹால் நிறைய ஆண்கள், எல்லார் சட்டைப் பையிலும் டெஸ்டர். சூப்பர்வைசர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பயப்படாதீங்க. உங்க நம்பரை அடிச்சா பேர், ஊர் எல்லாம் அதுவே போட்டுக்கும். நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம்" என்றார்.

பரணி ஒற்றை விரலால் நம்பரை அடித்தான். "பரணி" என்று திரையில் வந்தது. முதல் கேள்வி வந்தது. எர்த் வயரின் நிறம் என்ன? அம்புக்குறி தள்ளாடித் தள்ளாடிப் போய் பச்சைக்குப் பக்கத்தில் நின்றது. அமுக்கினான். வட்டத்தில் புள்ளி விழுந்தது! அடுத்ததும் விழுந்தது. அடச்சே, இவ்வளவுதானா? இதற்கா இத்தனை பயந்தோம்? கம்ப்யூட்டர் எவ்வளவு நல்ல பிள்ளை! பரணி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

படார் என்று கரண்ட் போனது.

"ஐயோ, ஐசக்கண்ணே!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டான்.

"ஒண்ணுமில்ல, ஜெனரேட்டர் இருக்கு!" என்றார் சூப்பர்வைசர். அதுவும் உறுமிக்கொண்டு கிளம்பியது. மேலே இருந்த ஃபேன்கள் அத்தனையும் பேய் பிடித்ததுபோல் சுற்றின. ஒரு கம்ப்யூட்டருக்கும் உயிர் வரவில்லை.

"மொத்த லைனையும் ஃபேனுக்குக் குடுத்து வெச்சிருக்கான்! எந்த மடையன்யா இந்த வேலையைப் பார்த்தது?"

பரணி குனிந்து செருப்பைச் சரி செய்தான்.

கடைசியில் சூப்பர்வைசர் பீரோவைத் திறந்து பழைய பேப்பர் கட்டை எடுத்தார். பியூன் ஏசுபாதம், பறக்காமல் இருக்க ஒவ்வொன்றாக அமுக்கிப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். பேப்பர் கைக்கு வந்ததும் பரணிக்கு நெஞ்சு லேசானது. ஃபேன் காற்று தலைக்கு மேல் அலை அலையாகப் புரண்டது. பேர் எழுதும் கட்டத்திலிருந்து கடைசிக் கேள்வி வரை பேனா தானாக ஓடியது. அவன் பாதி ஹாலில் இருந்தான், பாதி அந்த நீலத் தண்ணீரில் இருந்தான். எல்லாருக்கும் முன்னால் எழுதி முடித்து, சிரித்த முகத்தோடு கொடுத்துவிட்டு வெளியே வந்தான்.

ரிசல்ட் அன்று சாம்பசிவன் தானே நேரில் வருவேன் என்று பிடிவாதமாக ஆட்டோ ஏறினார். வெண்ணிலாவும் வந்தாள். பரீட்சை ஆபீஸ் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஏசுபாதம் உட்கார்ந்திருந்தார்.

"பேரு?"

"பரணி."

ஏசுபாதம் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். "இல்லப்பா."

"நல்லாப் பாருங்கண்ணா."

"நல்லாப் பாத்துட்டேன். பரணின்னு ஆளே இல்ல."

சாம்பசிவன் குடையை மடக்கினார். "முடிஞ்சுது. நான் சொன்ன சொல் மாறலை, தம்பி. இன்னிக்கே பள்ளிக்கரணைக்குப் போன் பண்ணிடறேன்."

"எல்லாத்துக்கும் பதில் எழுதினேன்னு சொன்னியே பரணி!" அவள் குரல் உடைந்தது.

"சத்தியமா எழுதினேன். உன்னையே நெனைச்சிக்கினு, ஒரு கேள்வி விடாம எழுதினேன்." பரணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"வெண்ணிலா, வா போகலாம்" என்று சாம்பசிவன் பெண்ணின் கையைப் பிடித்தார்.

ஏசுபாதம் சட்டென்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"அட, வெண்ணிலா நீதானாம்மா? நாலு வாட்டி எழுதி நாலு வாட்டியும் பாஸ் பண்ணிட்டே, விலாசம் எழுதாததால சர்டிபிகேட் அத்தனையும் என் மேஜையிலயே கெடக்குது. ஆனா ஒண்ணு, உன்னை ஒரு வாட்டிகூட ஹால்ல பாத்த ஞாபகமே இல்லியே!"