என் லேசர் கண்ணுக்கு ஒரு குறையுமில்லை

கொழிஞ்சாம்பாறை,
12-3-1979

மரியாதைக்குரிய மாப்பிள்ளை செங்கோட்டையன் அவர்களுக்கு, மச்சான் அப்புசாமி கைகூப்பி எழுதுவது. இங்கே நான், பூவாத்தாள், இரண்டு எருமைகள் எல்லோரும் சுகம். நீங்களும் என் தங்கை கமலாத்தாளும் பொள்ளாச்சியில் நலமாக இருக்க மாகாளியம்மன் துணை செய்வாள்.

மறுபடி மதராஸ் போய்க் கண்ணைக் காட்டச் சொல்லி எழுதியிருந்தீர்கள். அவசியமில்லை. சர்க்கரை வியாதியால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்தபோது லேசர் வைத்துக்கொண்டேனே, இந்தச் சித்தூர் தாலுகாவில் வேறு யாருக்கு அந்த யோகம் கிடைத்தது? முந்நூறு தடவை பச்சை வெளிச்சம் அடித்தார்கள். சந்தையில் இன்றைக்கும் என்னைச் சுற்றி நாலு பேர் நின்று கேட்கிறார்கள். "சில பேருக்கு அந்தச் சூட்டுல உள்ளே இருக்கிற லென்ஸ் மங்கிப் போகலாம், வெள்ளையாத் தெரிஞ்சா உடனே வாங்க" என்று டாக்டரம்மா சொன்னது வாஸ்தவம். அது சில பேருக்கு. எனக்குத் தெரிவது பனி. பங்குனி நெருங்கும்போது பனி ஏது என்று பூவாத்தாள் கேட்கிறாள். அவளுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்.

போன வாரம் எங்கள் பால் சொசைட்டிக் கட்டடத் திறப்பு விழா. பிரசிடென்ட் என்ற முறையில் நான்தான் திறந்துவைக்க வந்த ஆபீசருக்கு மாலை போட்டேன். ஜீப்பிலிருந்து வெள்ளைச் சட்டையோடு இறங்கியவரின் கழுத்தில் போட்டு, மேடையில் உட்காரவைத்து, லேசர் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். கடைசியில் அவர் எழுந்து, "ஐயா, நான் டிரைவர் சூசையப்பனுங்க. ஆபீசர் கீழே நின்னு கை தட்டிட்டு இருக்காருங்க" என்றார். கூட்டமே சிரித்தது. நான் அசரவில்லை. "டிரைவருக்கு மாலை போட்ட சொசைட்டி கேரளத்திலேயே நம்முளுது ஒண்ணுதானுங்க" என்றேன். கை தட்டல் இரண்டு மடங்கானது. ஆபீசரும் பெரிய மனுசன், சேர்ந்து கை தட்டினார்.

நேற்று பூவாத்தாள் எனக்குப் பரீட்சை வைத்தாள். முகத்துக்கு நேரே வந்து நின்று, "ஏனுங்க, என்ற மூக்குத்தி எங்கீங்க?" என்று கேட்டாள்.

"மூக்குலதான் இருக்குது புள்ள. அப்படி மின்னுது" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து உள்ளங்கையில் எதையோ வைத்தாள். மூக்குத்தி. வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை, முப்பது வருசமாக அந்த மூக்குத்தியைப் பார்க்கிறவன் நான். இனிமேல் கண்ணால் வேறு பார்க்க வேண்டுமா? அதனால் மதராஸ் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள்.

கமலாத்தாளுக்கு என் ஆசி. குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
அப்புசாமி

பின்குறிப்பு: எழுதியதைச் சரிபார்க்க எடுத்தேன், ஒரு வரியும் தெரியவில்லை. பூவாத்தாளை வாசிக்கச் சொன்னேன். டிரைவர் கதைக்குச் சிரித்தாள். மூக்குத்தி இடம் வந்ததும் காகிதத்தை மடித்து என் கையில் வைத்துவிட்டாள். திங்கட்கிழமை மதராஸ் ரயிலுக்கு மூன்று டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது உங்களுக்கு. ஞாயிறே வந்துவிடுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.