சின்னது பெரியதை அடித்த வெள்ளிக்கிழமை

கார்ப்பி, டிசம்பர் 14

அன்புத் தம்பி வால்தெருக்கு, அக்கா எர்மின்யா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தான் ப்ரிமோவும் முழங்கால் நீங்கலாகச் சுகம். மோதெனாவில் உன் படச்சட்டக் கடை நன்றாக நடக்க மாதாவை வேண்டுகிறேன். இத்துடன் ஐந்து சீட்டுகள் அனுப்புகிறேன். அவற்றை விசிறி மாதிரி விரித்து ஒட்டி, கண்ணாடி போட்டு, தங்க நிறச் சட்டம் அடித்துக் கொடு. தெருமுனை பாரில் மாட்டப்போகிறார்கள். ஆமாம்டா, உன் அக்கா ஜெயித்த சீட்டு!

ஓலிந்தோ இடுப்பை முறித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனதில் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமைப் போக்கர் சீட்டாட்டத்துக்கு அத்தான், எஜிதியோ, ஆல்தோ தவிர நாலாவது ஆள் இல்லை. அந்த மேசைக்கு முப்பது வருஷமாகக் கறி வைத்த மாவு உருண்டை மிதக்கும் தொர்தெல்லீனி சூப் ஊற்றியவள் நான், "நான் உக்கார்றேன்" என்றேன். "தாயே, நீங்க சூப்பைப் பாருங்க" என்று நாவிதர் எஜிதியோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டேன். உடனே சமாதானத்துக்கு வந்தார்கள்: ஒரு வெள்ளிக்கிழமை ஆடிப் பார்க்கலாம், பந்தயம் வைக்கும் மொச்சை முழுவதையும் நான் தோற்றால் ஆட்டம் பாருக்குப் போய்விடும், மருந்துக்கடைக்காரர் நாலாவது ஆள், நான் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஒரு வாரம் அத்தான் சொல்லிக்கொடுத்தார். நாலு பேர் என்றால் ரெண்டு முதல் ஆறு வரை எல்லாச் சீட்டையும் எடுத்துவிட வேண்டும், ஏஸ் ராஜாவுக்கு மேலேயும் நிற்கும், ஏழுக்குக் கீழேயும் நிற்கும். நல்ல சீட்டு வந்தால் எனக்குச் சிரிப்பு அடங்காது, கைக்குட்டையால் வாயை மூடினேன், மாட்டு வைத்தியர் ஆல்தோ அதைச் சளி என்று நினைத்து மருந்தோடு வந்துவிட்டார். ஒரே இனத்தில் வரிசையாக ஐந்து வந்தால் அதுதான் உச்சம். ஆனால் அதிலும் பெரியது நடுவிலானதை அடிக்கும், நடுவிலானது சின்னதை அடிக்கும், சின்னது பெரியதையே அடித்துவிடும். "தலையில ஏறுதா?" என்றார். ஏறாமலா? நீ அப்பாவுக்குப் பயப்படுவாய், அப்பா அம்மாவுக்கு, அம்மா உனக்கு. நம்ம வீடுதானே இது!

வெள்ளிக்கிழமை வந்தது. "மூக்குக் கண்ணாடியில சீட்டு தெரியுது" என்று எஜிதியோ பயமுறுத்தியதால் அதைக் கழற்றி வைத்தேன். மொச்சை கரைந்துகொண்டே போய்க் கடைசிக் கைப்பிடிக்கு வந்தாச்சு. ஒரு சீட்டு மாற்றினேன். அத்தான் முகம் கல்லு மாதிரி. அவர் ஸ்பேடில் பத்திலிருந்து ஏஸ் வரை பரப்பினார், பெரியது! ஆல்தோ எழுந்து கைதட்டினார். நான் கொதிக்கிற சூப்பை மேசையில் வைத்து, அந்த ஆவியில் என் சீட்டை விரித்தேன்: ஆட்டின் ஏஸ், ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. சின்னது! எஜிதியோ எழுந்து நின்று என் கையை முத்தமிட்டார் வால்தெர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நாற்காலி இனி என்னுடையது.

உன் உளியும் ஆணியும் என்றும் துருப்பிடிக்காமல் இருக்கட்டும். குழந்தைகளுக்கு என் முத்தம்.

உன் பெருமைமிகு அக்கா,
எர்மின்யா

பின்குறிப்பு: உறையில் வைக்கும்போது மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அந்தப் பத்து ஆட்டின் இல்லை, அதே சிவப்பில் டைமன், அப்படியென்றால் நான் ஜெயிக்கவே இல்லை! ஓடிப்போய் அத்தானிடம் காட்டினேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "ஆவி ஆல்தோ, எஜிதியோ ரெண்டு பேர் கண்ணாடியிலதான் படிஞ்சுது. நான் அன்னைக்கே பார்த்துட்டேன். அந்த மருந்துக்கடைக்காரன் தொணதொணப்பை எவன் கேக்கறது? நீயே உக்காரு" என்றார். ஆகவே தம்பி, அந்தப் பத்தை மற்றச் சீட்டுகளுக்கு அடியில் ஒட்டி, சட்டத்தின் விளிம்பைக் கொஞ்சம் அகலமாக வை, அந்தப் பத்தின் மூலை மறைகிற அளவுக்கு.