பஸ்ஸில் ஓர் இடம்

இந்த மார்ச்சில் அந்த பஸ்ஸில் நான்தான் ஏறுவேன். அப்படித்தான் சபதம் எடுத்திருந்தேன்.

எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணி தேசியப் போட்டிக்குத் தேர்வாகிவிடும் போலிருந்தது. எங்கே ஆடினாலும் ரசிகர் பஸ் போகும். எனக்கும் ஆசை, என் மனைவி கிர்ஸ்டனுக்கும் ஆசை. ஆனால் ஏழு மாதக் குழந்தை ஆலிவுக்குத் தூக்கம் என்றாலே பகை. ஒருவர் வீட்டில் இருந்தே ஆகவேண்டும்.

பிப்ரவரியில் நானே வழி சொன்னேன்.

"யார் ஆலிவை எப்படித் தூங்க வைக்கிறோம்னு பார்த்து, தேசியப் போட்டிக்கு டீம் எடுக்கிற தேர்வுக் குழு மாதிரியே நமக்கும் ரேங்க் போடுவோம். யார் போறதுன்னு ரேங்க் சொல்லட்டும்."

"யார் நிறைய தடவை தூங்க வைக்கிறாங்களோ அவங்க முதலா?"

"அது போதாது. யாரை ஜெயிச்சே, எங்கே ஜெயிச்சேங்கிறதுதான் முக்கியம். சொந்த ஊர்ல சொத்தை டீமை ஜெயிச்சா யாரும் மதிக்க மாட்டாங்க."

"பால் குடிச்சிட்டுத் தானா தூங்கினா?"

"சொத்தை டீம்."

"தடுப்பூசி போட்ட அன்னிக்கு?"

"பலமான டீம்."

"எங்க அம்மா வீட்ல?"

"வெளியூர்ல, அதுவும் எதிரி ரசிகர் நடுவுல. அதுக்கு மேல மதிப்பே கிடையாது."

"சரி. எல்லாம் போட்டி விதிப்படிதானே?"

"அட்சரம் பிசகாம."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பல் முளைத்த நாளா, கொடு இங்கே. சளி பிடித்த நாளா, நகரு. சர்ச்சில் பாதிரியார் பேசப் பேச ஆலிவைத் தூங்க வைத்தேன். கூடவே இரண்டு வரிசை தூங்கியது. மாமியார் வீட்டில் பதினோரு பேர் பதினோரு யோசனை சொல்ல, நடந்து நடந்தே ஜெயித்தேன். கிர்ஸ்டனுக்குக் கிடைத்ததெல்லாம் சொத்தை டீம்கள். பாவம், விவரம் தெரியாதவள் என்று நினைத்தேன்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு மாலை டிவியில் தேர்வான அணிகளின் பட்டியல் வந்தது. எங்கள் அணிக்குப் பதின்மூன்றாம் இடம், முதல் ஆட்டம் வெளியூரில், நெப்ராஸ்காவில்.

பக்கத்து வீட்டு வெர்லாதான் எங்கள் தேர்வுக் குழு. முப்பது வருடம் வாலிபால் பயிற்சி கொடுத்தவள்.

"தம்பி, வெளியே போ."

"எதுக்கு?"

"தேர்வுக் குழு விதி. சொந்த டீம் பத்திப் பேசும்போது அந்த உறுப்பினர் அறையில இருக்கக் கூடாது. கிர்ஸ்டன், நீயும்தான்."

கார் கொட்டகையில் பதினேழு தடவை காரைச் சுற்றினேன். கிர்ஸ்டன் நின்ற இடத்திலேயே நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

வெர்லா கதவைத் திறந்தாள். "சந்தேகமே இல்லை, டெரிக். நீதான் முதல்."

பாய்ந்து போய்ப் பையை எடுத்தேன்.

"பை எதுக்கு?" என்றாள் கிர்ஸ்டன்.

"பஸ்ஸுக்கு."

"பெண்கள் போட்டியில முன்னணி டீம் முதல் சுற்றை எங்கே ஆடும்?"

வாய் என்னுடையதுதான். ஆனால் என்னைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது. "சொந்த ஊர்ல."

"ரேங்க் கம்மியானவங்கதான் பஸ் ஏறணும்," என்று சொல்லி ஆலிவை என் தோளில் சாய்த்துவிட்டு, என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.