ஒன்றுமில்லாததைக் காட்டிய பம்புக்காரர்

காற்றாய் நின்று எல்லா உயிர்க்கும் உள்மூச்சும் வெளிமூச்சுமாய் விளங்கும் பெருமானின் திருவடியைச் சென்னிமேல் கொண்டு, ஆனித் திருமஞ்சன நன்னாளாகிய இன்று இதை எழுதத் தொடங்குகிறேன்.

திருவிழா மேடையில் ஏறி எதையேனும் காட்டியவர்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ஆயிரம் பேர் உண்டு. ஒன்றுமில்லாததைக் காட்டுகிறேன் என்று ஏறி, அதைக் காட்டியும் விட்டவர் ஒருவரே. அவர் காமயகவுண்டன்பட்டிப் பம்புக்காரர். பெற்றோர் இட்ட பெயரைக் கேட்டால் அவர் மனைவியே சற்று யோசிப்பார்.

கிணற்று மோட்டார்களைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். பழுதுபார்க்கப் போன இடத்தில் வாதம் செய்வது அவர் தவம். "பம்பு தண்ணிய இழுக்காதுய்யா! உள்ள காத்த எடுத்துட்டா வெளிக்காத்து அமுக்குது, தண்ணி ஏறுது. இருபத்தஞ்சு அடிக்கு மேல ஏறவே ஏறாது!" இதை அவர் துக்க வீட்டிலும் சொல்வார். மாலையும் கழுத்துமாய் நின்ற மாப்பிள்ளை ஒருவரிடம் சொல்லி, முகூர்த்தமே தவறப் பார்த்தது.

எழுபதுகளின் நடுவில், மழை பொய்த்த ஒரு கோடை. அம்மன் திருவிழாவில் மாலைதோறும் பக்திப் பாடல்களுக்குப் பொருள் சொல்வது என் பணி. மூன்றாம் நாள் என் ஒரு மணி நேரத்தில் பாதியைப் பறித்து, விழாக்குழு பம்புக்காரருக்கு அளித்தது. பந்தல் வாசலில் அவரே ஒரு பலகை வைத்தார்: 'அறிவியல் அதிசயம். பெரியவர்களுக்கு மட்டும்.'

"பிள்ளைகளை ஏன் விலக்குகிறீர்?" என்றேன்.

"பிள்ளைக சொன்னா நம்பிரும்ங்கய்யா. மோட்டாரு வாங்குறது பெரியாளுகதான?"

அந்தப் பலகையைக் கண்டு, நாடகத்துக்கும் வராத கூட்டம் வந்தது. முகத்தை மறைக்கத் துண்டோடு வந்து, கடைசி வரிசையில் தம் மாமனாரைக் கண்டு திகைத்தவர்களும் உண்டு.

பம்புக்காரர் தேடியதோ ஒரே முகத்தை. திராட்சைத் தோட்டக்காரர் பெருமாளின் கிணற்றில் நீர் நாற்பதடிக்கு இறங்கிவிட்டது. மேலே இருந்த ஐந்து எச்.பி. மோட்டார் வெறுமனே உறுமியது. கொடிகள் காய்ந்தன. பத்து எச்.பி. வாங்குவதற்காக, உயிராய் வளர்த்த பந்தயக் காளைகள் இரண்டையும் அவ்வாரச் சந்தையில் விற்க அவர் துணிந்திருந்தார்.

"கெணத்துக்குள்ள இருபதடியில பாறைத்திட்டு இருக்குல்லண்ணே, அங்கன மோட்டார எறக்கி வைங்க. மாட்ட விக்காதீக" என்று பம்புக்காரர் முன்பே சொல்லிப் பார்த்திருந்தார்.

"பெரிய மோட்டாரு பெருசா இழுக்கும்ப்பா. எனக்கே பாடம் எடுக்குறியா?"

இதற்காகவே பம்புக்காரர் அல்வா கிண்டும் இரும்புச் சட்டிகள் இரண்டைத் தேடிப் பிடித்திருந்தார். விளிம்பைத் தேய்த்து, இடையில் லாரி டியூப் வளையம் வைத்து, வாயோடு வாய் பொருத்தினார். ஒரு பக்கம் சிறு குழாயும் அடைப்பும், இரு சட்டிகளின் முதுகிலும் ஒவ்வொரு கொக்கி. காற்றை உறிஞ்சி எடுக்கும்படி மாற்றியமைத்த சைக்கிள் பம்பால் அவர் உள்காற்றை வெளியேற்றியது, என் சொற்பொழிவு நடந்த அரைமணி நேரத்தில். இறைவன் கருணையை நான் உருகி விளக்க, மேடைக்குப் பின்னே கிறீச், கிறீச் என்று பதில் வந்தது.

"ஐயா, தாளம் போடுறது ஆரு? கொஞ்சம் பிசகுது" என்றார் முன்வரிசை அம்மையார்.

என் முறை முடிந்ததும் சட்டியின் ஒரு கொக்கியை வேப்பமரத்தில் கட்டினார்கள். மறு கொக்கி பெருமாளின் காளைகளுக்கு. "அல்வாச் சட்டிக்கு என் காளையா?" என்று சிரித்துக்கொண்டே பெருமாள் ஓட்டினார். கயிறு விறைத்தது. மரம் குலுங்கியது. காளைகள் முன்னங்கால் மண்டியிட்டன. சட்டி பிரியவில்லை.

ஒரு பெண் "ஆத்தா!" என்று அலறினார். குலவை எழுந்தது. கற்பூரம் எரிந்தது. சட்டிக்குச் சந்தனம், குங்குமம், வேப்பிலை, என் கழுத்திலிருந்து போன மாலை.

பெருமாள் நெடுஞ்சாண்கிடையாய் விழுந்தார். "தாயி! மாட்ட விக்கவா? உத்தரவு குடு!"

பந்தலில் ஒரு பல்லி கத்தியது.

"உத்தரவு கெடச்சிருச்சு!" என்றது கூட்டம்.

"ஐயோ, அது சட்டிங்க! அடைப்பத் தெறந்தா தானா விழுந்துரும்!" என்று பாய்ந்த பம்புக்காரரை நால்வர் பிடித்துக்கொண்டனர்.

"ஏலே, ஆத்தாள ரெண்டாப் பொளக்குறேங்குறான்டா!"

அவர் என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்க சொன்னாக் கேப்பாக."

உண்மையை மறைக்கமாட்டேன்: பறிபோன அரைமணிக்காக, அச்சட்டி உடையட்டும் என்று அதுவரை வேண்டிக்கொண்டிருந்தவன் நான். ஆனால் எழுந்து நின்ற பெருமாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு காளைகளின் கழுத்தைத் தடவியதைக் கண்டேன். ஒலிபெருக்கியை வாங்கினேன்.

"தில்லையில் திரையை விலக்கினால் என்ன தெரியும்?"

"ஒண்ணுந் தெரியாது சாமி, வெட்டவெளி!"

"இதனுள்ளும் வெட்டவெளிதான். அன்னை உள்ளே அடைபட்டிருக்கவில்லை. வெளியே காற்றாய்ச் சூழ்ந்து, தன் கையால் அமுக்கிப் பிடித்திருக்கிறாள். திரையை விலக்க அவரை விடுங்கள்."

விட்டார்கள். பம்புக்காரர் அடைப்பைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று புகுந்தது. சட்டி இரண்டாகி மாலையோடு மண்ணில் விழுந்தது. பெருமாள் ஒரு பாதியை எடுத்து உள்ளும் புறமும் பார்த்தார்.

"வெளிய இருந்துதான் அமுக்குதா?"

"ஆமாண்ணே."

"அப்ப எம்புட்டுப் பெரிய மோட்டாரு வச்சாலும்...?"

"குழாய வெறுமையாக்கலாம். அம்புட்டுத்தான். மேக்கொண்டு அமுக்குறது..." பம்புக்காரர் என்னைக் கடைக்கண்ணால் பார்த்தார். "ஆத்தா பொறுப்பு."

மறுநாளே மோட்டார் பாறைத்திட்டில் இறங்கியது. வடம் கட்டி இறக்கியவை அதே காளைகள். பொத்தானை அழுத்திப் பத்து நிமிடத்தில் வாய்க்கால் நனைந்தது. சந்தை நாள் வந்தது, போனது. காளைகள் தொழுவத்தில் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

கோயிலுக்குள் காலெடுத்து வைக்காத பம்புக்காரரை ஊர் நாத்திகர் என்றது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று நம் எல்லோரையும் எப்போதும் தாங்கிப் பிடித்திருக்கிறது என்று துக்க வீடு, கல்யாண வீடு பாராமல் சொல்லித் திரிந்த அடியார் வேறொருவரை நான் இன்றுவரை கண்டதில்லை.

இதைப் படித்தவர் கிணறெல்லாம் ஊறுக, தொழுவமெல்லாம் நிறைக, அவர்தம் மூச்சு நூறாண்டு இனிதே நடக்க.