ஐயாயிரம் வருஷத்துச் சீப்பு

அருங்காட்சியகத்தில் தூசி தட்டும்போது ‘டிக்’ என்று சத்தம் கேட்டது. குன்சுலு குனிந்து பார்த்தாள். மான்கொம்புச் சீப்பின் பல் ஒன்று ஒடிந்து தரையில் கிடந்தது.

ஐயாயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் ஒடியாத சீப்பு! வெள்ளிக்கிழமை தலைநகர் அஸ்தானாவிலிருந்து தணிக்கைக் குழு வருகிறது. “இன்னொரு பொருள் உடைஞ்சா நீ வேலையை விட்டுக் கிளம்பிடலாம்” என்று அருங்காட்சியக இயக்குநர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

மதியச் சாப்பாட்டில் கிடைத்த ஆட்டெலும்பை அரத்தால் இழைத்துப் பல்லாக்கினாள். கடுந்தேநீரில் ஊறப்போட்டதும் நிறமும் வந்துவிட்டது. ஒட்டி, கண்ணாடிப் பெட்டியைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை பூட்டு அப்படியே இருந்தது. புதுப் பல் மட்டும் பிடுங்கப்பட்டு, சீப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

இன்னும் கெட்டியான பசை போட்டாள். அடுத்த நாள் அந்தப் பல்லோடு பழைய பல் ஒன்றும் வெளியே கிடந்தது. சீப்பில் நீளமாக ஒரு நரைமுடி. தொட்டால் ஈரம். வெளியே மைனஸ் முப்பது. ஆறே உறைந்து கிடக்கிறது.

வேறு வழியில்லை. வீட்டுச் சுவரிலிருந்த மான்கொம்பை அறுத்து, முழுச் சீப்பாகவே செதுக்கினாள்.

“என் தொப்பியை இனி எங்கடி மாட்டுறது?” என்றான் கணவன்.

“தலையிலதான்!”

வெள்ளிக்கிழமை அசலை அலமாரியில் பூட்டிவிட்டுப் போலியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். கால் மணி நேரத்தில் குழு வந்தது. தலைவர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார்.

“அடடே, முடி! அந்தக் காலத்து முடி! சீப்போட சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்புங்க, இன்னைக்கே!”

போலியில் அவள் முடி எதுவும் வைக்கவில்லையே! போச்சு! ஆய்வகத்தில் பார்த்தால் இந்தக் காலத்து மான் என்று தெரிந்துவிடுமே! அசலை மாற்றி வைக்க ஓடினாள். அலமாரிப் பூட்டு பத்திரமாக இருந்தது. உள்ளே சீப்பு இல்லை.

வாசலில் கோட்டு வாங்கி வைக்கும் சௌலே அக்காவிடம் வந்து நின்றபோது அவளுக்கு அழுகை முட்டியது.

“எதுக்குடி அழற? உன்னைத்தான் தேடிட்டிருந்தேன்” என்றாள் சௌலே. “ஒரு நரைச்ச அம்மா இப்பத்தான் போறாங்க. கோட்டும் இல்ல, தலையில தண்ணி சொட்டுது. பழைய சீப்பு அவங்களோடதாம், அவங்களே எடுத்துக்கிட்டாங்களாம். பல்லை நெருக்கமா வெச்சு நீ வேற ஒண்ணு செஞ்சு குடுத்தாத்தான் திருப்பித் தருவாங்களாம். இப்ப செஞ்சதுல பேனே சிக்க மாட்டேங்குதாம்!”