வாளி குறைத்த இரண்டு வயது

போன மாசி இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணி பதினேழு நிமிடம். மேகமில்லாத வானம், எண்ணூர்ப் பக்கமிருந்து புழுதிக் காற்று. அந்த நிமிடத்தில் என் வயதில் இரண்டு வருஷம் குறைந்தது. குறைத்தவர் வாளி.

பழைய ரயில் போட்டோவைப் பார்த்து வருஷம் சொல்வதில் வாளியை மிஞ்ச உலகத்தில் ஆள் இல்லை. வியாசர்பாடியில் நிச்சயமாக இல்லை. யார்டில் பாசஞ்சர் பெட்டி கழுவியே நாற்பது வருஷம் ஓட்டியவர். சொந்தப் பெயர் சம்பள ரசீதில் மட்டும் இருந்தது.

எஞ்சினை அவர் பார்க்கவே மாட்டார். "அது இன்னிக்கி ஒண்ணு, நாளைக்கி ஒண்ணு மாட்டுவான். பொட்டிய காட்டு" என்பார். ஜன்னல் கம்பி, கதவுப் பிடி, படியின் தேய்மானம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். ஒரே சிக்கல், வருஷத்தை எண்ணில் சொல்ல வராது. "எனுக்கு மேல் பல்லு வுழுந்துச்சே, அதுக்கு அடுத்த மழைக்கு வந்த பொட்டி" என்பார். துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருஷம் மூட்டை எண்ணியவன் நான். அவருடைய பற்கள், திருட்டுப்போன சைக்கிள், மூன்று மகள்களின் கல்யாணம் எல்லாவற்றுக்கும் வருஷம் விசாரித்து நோட்டில் ஏற்றினேன். பதினோரு பக்கம்.

ஒருமுறை யானைக்கவுனி வியாபாரி ஒருவர், சுதந்திரத்துக்கு முன் எடுத்தது என்று தன் தாத்தாவின் போட்டோவை நீட்டினார். வாளி பார்த்தார். "உங்க தாத்தா சாஞ்சிகினு கீறாரே, அந்தப் பொட்டி எங்கூடத்தான் ரிட்டேர் ஆச்சு." வியாபாரி டீ குடிக்காமலே போய்விட்டார்.

எனக்கு எழுபதாம் வயதுச் சாந்திக் கல்யாணம் ஏற்பாடாகியிருந்தது. திருவொற்றியூரில் மண்டபம், முந்நூற்று நாற்பது பத்திரிகை. மேடையில் பெரிதாக வைக்க ஒரு போட்டோ: ரயில் ஜன்னலோரம் அம்மா மடியில் ஆறு மாதக் குழந்தையாக நான். அது எந்தக் காலத்து வண்டி என்று கீழே எழுத மனைவி ஆசைப்பட்டாள். வாளி வீட்டுக்கு ஐம்பத்து நான்கு படி ஏறினோம்.

அவர் போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நைனா, உனுக்கு எழுபதுன்னு எவன் சொன்னான்?"

"ஸ்கூல் சர்டிபிகேட்."

"மரப்பொட்டின்னா பலகை பலகையா கோடு தெரியும். இது இரும்பு. நான் வேலைல சேந்த மறு வருஷந்தான் இது நம்ம யார்டுக்கே வந்துச்சு. மொத வாளி தண்ணி ஊத்துனதே நான்தான்."

நோட்டைப் புரட்டினேன். எப்படிக் கூட்டினாலும் அறுபத்தெட்டுதான் வந்தது. பள்ளியில் சேர்த்த நாள் ஞாபகம் வந்தது. தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார் தலைமை ஆசிரியர். தொட்டேன். ஐந்து வயது என்று எழுதிவிட்டார். என் கைகள் வயதை மீறி வளர்ந்தவை. அவற்றால் இரண்டு வருஷம் முன்னதாக ரிட்டயர் ஆகியிருக்கிறேன். இருபத்து நான்கு சம்பளம்.

மனைவிக்கு வேறு கவலை. "என் தம்பி காதுல வுழுந்தா சாவுற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்."

"அண்ணே, யாராவது கேட்டா மரப்பெட்டின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றேன்.

"உன் வயச பத்தி எவ்ளோ பொய் வேணாலும் சொல்றேன், நைனா. அது உன்னுது. பொட்டி என்னுது."

விழாவன்று முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். மேளம் நின்ற நேரம் பார்த்து மச்சினன் குரல் கொடுத்தான். "வாளி நைனா, அந்த போட்டோ எந்த வருஷத்து வண்டி? மாமாவுக்கு மெய்யாலுமே எழுபதுதானான்னு பாத்துச் சொல்லு."

வாளி மேடையேறி, போட்டோவில் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்தார். கண்ணைக் கசக்கினார்.

"தெர்லபா. எனுக்குக் கண்ணு பூட்ச்சு."

"எப்போலேர்ந்து?"

"இப்போதான்."

நானறிந்து அவர் வருஷம் சொல்லாத ஒரே போட்டோ அதுதான். (மச்சினன் வார இதழ் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.)

ஆனால் செய்தி எம்.கே.பி. நகர் வரை பரவிவிட்டது. கண் போன மனிதரிடம் யார் போட்டோ கொண்டுவருவார்கள்? இருபத்து மூன்று நாளில் ஒருவர்கூட வரவில்லை. "பேஜாரா கீது நைனா" என்று கட்டிலில் கால் ஆட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனேன். பவர் இல்லாத வெறும் கண்ணாடி. தெருமுனையிலிருந்தே தெரியும்படி தடிமனான கறுப்பு பிரேம். அதைப் போட்டுக்கொண்டதும் அவருக்குப் பார்வை திரும்பிவிட்டது என்று நானே நான்கு தெருவில் சொல்லி வைத்தேன். வாழ்நாளில் முதல்முறையாகப் பேரம் பேசவில்லை. ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.